டாக்டரம்மாவின் வாய்

என் வீட்டுக்காரரின் அக்காவை ஊரில் எல்லோரும் ‘வாய்’ என்றுதான் சொல்வார்கள். கேலி இல்லை, மரியாதையாகத்தான் சொல்வார்கள். காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறவர்கள், “வாய் வந்துட்டாங்களா?” என்று கேட்பார்கள். “டாக்டரம்மா வந்து அரை மணி ஆச்சு. வாய் இன்னும் வரல, உக்காருங்க” என்று வாட்ச்மேன் பதில் சொல்வார். கடல் கடந்து ஊழியத்துக்கு வந்த மிஷன் டாக்டருக்கு நம் மொழி வராது. அவர் இங்கிலீஷில் சொல்வதை அக்கா தமிழில் சொல்ல வேண்டும். நோயாளி தமிழில் அழுவதை இங்கிலீஷில் அழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெப மண்டபத்தில் டாக்டரம்மா பிரசங்கம் பண்ணினால் அதற்கும் அக்காதான். இருபத்துநான்கு வருஷம் இந்த வேலை பார்த்தாள். தனக்கென்று பேசினாளா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான்.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. ‘டாக்டர் இப்படிச் சொல்றாங்க’ என்று சொல்லக் கூடாது. அவர் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அதனால் அக்கா தன்னைவிட இருபது வயது மூத்த ஆளைப் பார்த்து, “நான் உங்களுக்கு எழுதிக் குடுத்த மாத்திரையை ஏன் நிறுத்தினீங்க?” என்று அதட்டுவாள். முதல்முறை வந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போய், “டாக்டர் நம்ம ஊர்ப் பொண்ணுதான். பக்கத்துல ஒரு வெள்ளைக்காரியை உதவிக்கு வச்சிருக்கா” என்று சொன்னாராம். அதைக் கேட்டு டாக்டரம்மாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரிடம் அப்படி ஒரு நல்ல குணம் உண்டு. நல்லவர்கள் மேல் கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். நான் பட்டிருக்கிறேன்.

டாக்டரம்மா சுள்ளென்று பேசுகிறவர். மனைவியைக் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு வருகிறவனை, “உனக்கு மூளை இல்லையா?” என்று கேட்டுவிடுவார். அக்கா அதை, “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேப்பா” என்று மாற்றிவிடுவாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவான். ஊரில் டாக்டரம்மாவுக்குத் தங்கமான மனசு என்று பெயர் வந்ததில் பாதி அக்கா சம்பாதித்துக் கொடுத்தது. டாக்டரம்மாவுக்கு இது தெரியாது. அவருக்குத் தெரிந்த தமிழ் மொத்தமே நாலு வாக்கியம்: எங்க வலிக்குது, நாக்கை நீட்டுங்க, மூச்சை இழுங்க, பயப்படாதீங்க.

நான் கல்யாணமாகி வந்தபோது அக்கா அங்கே ஒன்பது வருஷம் முடித்திருந்தாள். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டவளும் அவள்தான். எனக்குத் துணி அறையில் வேலை. ஆபரேஷனுக்கு விரிக்கும் பச்சைத் துணிகளைத் துவைத்து, ஓட்டை பார்த்து, மடித்து, டிரம்மில் அடுக்கி, நீராவியில் வேகவைத்துக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர். குழாய் ரிப்பேர் என்றால்கூட, “நம்ம ஆஸ்பத்திரி மோட்டார்” என்று வீட்டில் வந்து கவலைப்படுவோம். நம்ம ஆஸ்பத்திரி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அக்காதான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வீட்டுக்குப் போகிறோம், “நாங்க சாப்பிடப் போறோம்” என்று வீட்டுக்காரர்கள் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். “நாம சாப்பிடலாம்” என்றால் கையைக் கழுவிவிட்டு உட்காரலாம். இங்கிலீஷில் இரண்டுக்கும் ‘வீ’ என்று ஒரே சொல்தானாம். செருப்பை மாட்டுவதா, கையைக் கழுவுவதா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. டாக்டரம்மா ஒவ்வொரு முறை ‘வீ’ என்று சொல்லும்போதும் அக்கா ஒரு நொடிக்குள் முடிவு பண்ண வேண்டும். அவள் முடிவு பண்ணியதெல்லாம் ‘நாம்’தான். “நாம் இன்னொரு வார்டு கட்டப்போகிறோம்.” “நம் ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே மெஷின் வருகிறது.” கேட்டவர்கள் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தோம். இருபத்துநான்கு வருஷம் உட்கார்ந்திருந்தோம்.

அவளும் அப்படித்தான் உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் அவளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனாள். அப்போது அவருடைய நாட்டுக்கார மிஷன் நர்ஸ் ஒருவரும் அறையில் இருந்தாராம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்து, “நாம இங்கேயேதான் இருந்து கிழவியாகப் போறோம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நான் எப்படிப் போறது?” என்றாள். என் மாமனார் தலைதலையாக அடித்துக்கொண்டார். காகிதம் கெடு தாண்டி வீணாய்ப் போனது. அந்த ‘நாம்’ டாக்டரம்மாவும் அந்த நர்ஸுமாக இருக்கலாம் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நர்ஸ் மூன்றாம் வருஷமே ஊருக்குத் திரும்பிவிட்டார்.

போன வருஷம் டாக்டரம்மாவுக்கு அறுபத்திரண்டு முடிந்தது. கை லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது. ஊழியத்தை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பப் போகிறார் என்று தெரிந்ததும் எங்களுக்கெல்லாம் ஒரே கேள்வி. அவர் போனால் ஆஸ்பத்திரி இருக்குமா, இருக்காதா? மிஷன் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரம்மாவோடு இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் எங்கள் எல்லோரையும் வராந்தாவில் கூட்டி நிறுத்தினார்கள். இருவரில் உயரமானவர் நாலே வாக்கியம் பேசினார். அக்கா பக்கத்தில் நின்று சொன்னாள்.

“டாக்டரம்மாவின் ஊழியத்துக்காக கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஒருவர் போவதால் ஊழியம் நிற்பதில்லை. நாம் இந்த ஊழியத்தைத் தொடர்ந்து செய்வோம். நீங்கள் கலங்க வேண்டாம்.”

சமையல்கார அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான். மூத்த நர்ஸ், மகன் இருக்கிற ஊருக்கே போய்விடலாம் என்று வேறொரு ஆஸ்பத்திரியில் பேசி வைத்திருந்தார். அன்று சாயங்காலமே வரவில்லை என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்கும் ஒரு இடம் வந்திருந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த தனியார் ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டக் கூப்பிட்டிருந்தார்கள்.

அவர் அக்காவிடம் கேட்டார். “அக்கா, நல்லா யோசிச்சு சொல்லு. நிச்சயமா நடக்குமா?”

“என் காதால கேட்டு என் வாயால சொன்னேன்டா. இன்னும் என்ன?”

“அப்ப நான் அந்த வேலை வேண்டாம்னு சொல்லிடட்டுமா?”

“சொல்லிடு. நம்மளை விட்டா ஆம்புலன்ஸை யார் ஓட்டுவா?”

சொல்லிவிட்டார். அந்த இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிட்டான். அக்கா ஒரு நோட்டு வாங்கி, டாக்டரம்மா போன பிறகு யார் யாருக்கு எந்த வேலை, எந்தக் கிழமை எந்த டாக்டரை வெளியிலிருந்து கூப்பிடுவது என்றெல்லாம் கோடு போட்டு எழுத ஆரம்பித்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. நாற்பத்தேழு வயதில் முதல்முறையாகச் சொந்தமாக வாய் திறக்கப் போகிறாள் என்று நானே கேலி பண்ணினேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது பிரியாவிடைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால். துணி அறையில் இருக்கிற பச்சைத் துணிகளை எல்லாம் நன்றாக உலர்த்தி, தகரப் பெட்டிகளில் அடுக்கி, பூச்சி உருண்டை போட்டு மூடச் சொல்லி டாக்டரம்மாவிடமிருந்து உத்தரவு. அதைக் கொண்டுவந்ததும் அக்காதான்.

“அக்கா, ஆஸ்பத்திரி நடக்கப்போகுதுன்னா இதையெல்லாம் எதுக்குப் பெட்டியில போடணும்? திங்கக்கிழமை ஆபரேஷன் வந்தா எதை விரிக்கிறது?”

“புதுசு வரும்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. வரும்னு நினைக்கிறேன்.”

நான் கையில் இருந்த துணியைக் கீழே வைத்தேன். “அன்னிக்கு அந்த உயரமானவர் சொன்னாரே, தொடர்ந்து செய்வோம்னு. அது நாமளா, நாங்களா?”

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வி அவளுக்குள் முன்னமே இருந்திருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துபோனது.

“டாக்டரம்மாகிட்டயே நேராக் கேட்டுடுங்களேன்” என்றேன்.

“எப்படிக் கேக்கறது?”

“ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்க நீங்க. என்னைக் கேட்டா?”

“வார்த்தை இல்லாம இல்ல. இருபத்துநாலு வருஷம் பக்கத்துல நின்னுட்டு, ‘அதுல நானும் உண்டா’ன்னு போய்க் கேக்கச் சொல்றியா? நான் கேக்க மாட்டேன். என்னால முடியாது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் ரோஷத்தில் என் குடும்பமும் சேர்ந்து தொங்குகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே கேட்டிருந்தால் ஒரு வாரம் முன்னாலாவது தெரிந்திருக்கும்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜெப மண்டபத்தில் இடமில்லாமல் ஜன்னலுக்கு வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். டாக்டரம்மா கையால் பிறந்த பிள்ளைகளே ஒரு பள்ளிக்கூடம் அளவுக்கு இருந்தார்கள். வழக்கமாகப் பேச்சை முதல் நாளே எழுதி அக்காவிடம் கொடுத்துவிடுவார். இந்த முறை கொடுக்கவில்லை. மனதில் வருவதைப் பேசப்போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அக்கா வெளிர்நீலப் புடவை கட்டிக்கொண்டு, எப்போதும் போல் அவருக்கு இடது பக்கம், அரை அடி பின்னால் நின்றாள்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. “நான் இங்க வந்தப்போ ஒரு அறையும் ஒரு மேஜையும்தான் இருந்தது” என்றாள் அக்கா. “நாம சேர்ந்து இதைக் கட்டினோம். நாம ராத்திரி பகல் பார்க்காம உழைச்சோம்.” கைதட்டினார்கள். டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்து நாலைந்து வாக்கியம் சேர்ந்தாற்போல் சொன்னார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். துக்கத்தில் இவளுக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. தோளில் தட்டிக்கொடுத்தார். “பயப்படாதீங்க” என்று தமிழில் சொன்னார். கூட்டத்தில் இரண்டு பேர் அதற்கும் சிரித்தார்கள். அக்கா மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை.

“நாங்க இந்த ஆஸ்பத்திரியை இந்த மாசக் கடைசியில மூடுறோம்” என்றாள்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். “எங்க ஊழியம் நிக்காது. எங்க உதவி இன்னும் அதிகமாத் தேவைப்படுற இன்னொரு நாட்டுக்கு அதைக் கொண்டுபோறோம். எங்க சாமான்களையும் அங்க அனுப்புறோம். நாங்க இதைப் பத்தி ரொம்ப ஜெபம் பண்ணித்தான் முடிவெடுத்தோம்.”

டாக்டரம்மா தொடர்ந்தார், அவளும் தொடர்ந்தாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. ஒரு கரடுமுரடையும் இழைக்கவில்லை, ஒரு சொல்லையும் தடவிக்கொடுக்கவில்லை. “நாங்க இங்க சந்தோஷமா இருந்தோம். எங்களுக்கு நீங்க நல்லா உதவி செஞ்சீங்க.” ‘நீங்க’ என்று அவள் சொன்ன மாத்திரத்தில் சமையல்கார அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். மூத்த நர்ஸ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். டாக்டரம்மா மட்டும் கண்ணீரும் சிரிப்புமாகப் பேசிக்கொண்டிருந்தார். முடிவில் இரண்டு கைகளையும் விரித்து ஏதோ சொன்னார். அக்கா அதையும் சொன்னாள்.

“நாங்க என்னிக்கும் ஒரே குடும்பம்.”

பின்னாலிருந்து எவனோ சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு டாக்டரம்மாவும் சிரித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆஸ்பத்திரியை மூடியவர் டாக்டரம்மா. ஜனம் போய் வரிசையில் நின்று அவர் கையைப் பிடித்து அழுதது, பிள்ளைகளை அவர் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தது. அக்காவோ டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். அவளைத் தேடி வந்தது மூத்த நர்ஸ் மட்டும்தான்.

“அன்னிக்கு வராந்தாவுல நாமன்னு சொன்னே. இன்னிக்கு நாங்கன்னு சொல்றே. எதும்மா நிஜம்? அவங்க ஒண்ணைச் சொல்லி நீ ஒண்ணைச் சொன்னியா?”

“அவங்க ஒண்ணுதான் சொன்னாங்க” என்றாள் அக்கா.

“உன் வாயை நம்பித்தானே அந்த வேலையை விட்டேன்! என் மகன் வீடே பார்த்து வச்சிருந்தான்.”

நான் குறுக்கே போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். போகவில்லை. நர்ஸ் கேட்டதைத்தான் நானும் கேட்க நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் வெளியே ஆம்புலன்ஸில் போய் உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை. அக்கா ஜன்னலருகே போய், “தம்பி” என்று கூப்பிட்டதற்கு, கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டரம்மா அக்காவைக் கூப்பிட்டு, “இன்னைக்கு எதைத் தேடினாய்? ‘எங்க, எங்க’ என்று எத்தனை தடவை கேட்டாய்!” என்று விசாரித்தாராம். எங்க வலிக்குது என்று கேட்டுக் கேட்டுப் பழகியவர் இல்லையா, அவருக்கு ‘எங்க’ என்றால் அந்த ஒரு அர்த்தம்தான். “நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டாள். முன்கூட்டியே சொன்னால் நீ அழுவாய், உன் அழுகையை என்னால் பார்க்க முடியாது, அதனால்தான் பேச்சைக் காட்டவில்லை என்றும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். அதாவது, அழுவதானால் ஊர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அழு என்று விட்டிருக்கிறார். இதையும் அன்பென்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை டாக்டரம்மாவை விமான நிலையத்துக்குக் கொண்டுவிட வேண்டியது என் வீட்டுக்காரர்தான். அவருக்கு அதுதான் அங்கே கடைசி ஓட்டம். பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. வாசலில் நானும் அக்காவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நின்றோம். டாக்டரம்மா ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு விடைபெற்றார். அக்காவிடம் வந்ததும் அவள் அவரைக் கொஞ்சம் தள்ளி, கட்டடத்தின் ஓரமாகக் கூட்டிப்போனாள். இங்கிலீஷில் ஏதோ விளக்கினாள். ஒரு கையால் டாக்டரம்மாவையும் தன்னையும் சேர்த்து வளைத்துக் காட்டினாள். பிறகு அந்தக் கையை எடுத்து, தன்னை மட்டும் விட்டுவிட்டு ஒரு வளையம் போட்டுக் காட்டினாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, விஷயம் முழுக்கப் புரிந்தது. சொல்லிவிட்டாள், இருபத்துநாலு வருஷம் கழித்தாவது கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டைரியை எடுத்து, பேனாவால் மளமளவென்று எழுதிக்கொண்டார். நடுங்குகிற கையால் அக்காவின் கன்னத்தைத் தடவி ஒரு கேள்வி கேட்டார். அக்கா ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். உடனே டாக்டரம்மா அவளைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதார். வண்டி கேட்டைத் தாண்டும்வரை கையை ஆட்டிக்கொண்டே போனார்.

“என்ன கேட்டாங்க?” என்றேன்.

“என்ன அழகான பாஷை உங்க பாஷைன்னாங்க. ஊர்ல சபையில பேச நல்ல விஷயம் கிடைச்சுதாம். இத்தனை வருஷம் ரெண்டுல எதைச் சொன்னேன்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நாமன்னு சொன்னேன். அதானே நிஜம். அவங்களுக்கு அப்படியொரு சந்தோஷம். நான் கேட்டது அவங்களுக்குக் கேள்வியாவே படல.”

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில் பூட்டுத் தொங்கியது. தகரப் பெட்டிகளை ஒரு லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. நான் கையால் ஓட்டை பார்த்து மடித்த துணி எந்த நாட்டில் யார் வயிற்றின் மேல் விரிந்ததோ தெரியாது. என் வீட்டுக்காரர் இப்போது சிமெண்ட் கடைக்கு வேன் ஓட்டுகிறார். முதுகு வலி என்று சாய்ந்து சாய்ந்து உட்காருகிறார். நான் ஒரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறேன். மூத்த நர்ஸ் மகனிடம் போனாரா, எங்கே போனார் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா ஒரு தனியார் கிளினிக் வாசலில் டோக்கன் கொடுக்கிறாள். அங்கே டாக்டர் நம் ஆள், தமிழிலேயே திட்டுவார். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. டோக்கன் வாங்க வருகிறவர்களில் பழைய ஆட்கள், “அட, வாய் இங்கயா இருக்கு?” என்பார்கள். இப்போது அது கேலிதான்.

தம்பி நான்கு மாதம் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, “அக்காவைச் சாப்பிடச் சொல்லு” என்று அவரும், “அவனுக்குக் குழம்பு போதுமான்னு கேளு” என்று அவளும் என்னிடம் சொல்வார்கள். எனக்கும் இடையில் நிற்கிற வேலை கிடைத்தது. இருவர் சொல்வதையும் கொஞ்சம் இனிப்பாக மாற்றித்தான் சொன்னேன். அப்போதுதான் அக்கா ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு விளங்கியது. நடுவில் நிற்கிறவளுக்கு இரண்டு பக்கமும் வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் மாதம் தபாலில் ஒரு கனத்த உறை வந்தது. உள்ளே மிஷன் நடத்துகிற பத்திரிகை, வழவழப்பான தாள். நடுப்பக்கத்தில் டாக்டரம்மாவின் படம். அதற்குக் கீழே அக்கா வெளிர்நீலப் புடவையில் மைக் முன்னால் நிற்கிற படம். கூடவே டாக்டரம்மா கைப்பட எழுதிய சின்னச் சீட்டு: உன்னைப் பற்றித்தான் எல்லா இடத்திலும் பேசுகிறேன். அது சனிக்கிழமை, நாங்கள் மூவரும் வீட்டில் இருந்தோம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“படிங்க அக்கா, என்ன எழுதியிருக்காங்க?” என்றேன்.

அவள் பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வரியைப் பார்ப்பதும் தமிழில் சொல்வதுமாகப் படித்தாள்.

“நான் ஊழியம் செஞ்ச நாட்டு மொழியில ‘வீ’ங்கிறதுக்கு ரெண்டு சொல் இருக்கு. ஒண்ணு கேக்கிறவங்களை வெளியே நிறுத்திடும். இன்னொண்ணு உள்ளே சேர்த்துக்கும். நான் விடைபெற்ற நாள்ல என் அருமைத் தோழி மேடையில நின்னு, அந்த உள்ளே சேர்க்கிற சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னா. என் காதால கேட்டேன். மண்டபமே கண்ணீர் விட்டுச்சு. அந்தச் சொல்லை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். அந்தச் சொல்…”

நிறுத்தினாள். நான் கத்தியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும். தடித்த எழுத்தில் ‘நாங்க’ என்று அச்சடித்திருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “எழுதிப் போடுங்க! அது செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்புன்னு சொல்ற வார்த்தைன்னு எழுதுங்க. அத்தனை பேரும் அழுதது எதுக்குன்னு எழுதுங்க. இதை ஊர் ஊராப் போய்ச் சொல்லிட்டிருக்காங்களே!”

கட்டிலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்து, “நீ எழுதித்தான் ஆகணும்” என்றார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் அவளிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கவனித்தோம், காட்டிக்கொள்ளவில்லை.

அக்கா பத்திரிகையை மடித்து வைத்தாள். மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்து எழுதினாள். நாலு பக்கம் போகும் என்று நினைத்தேன். நான் வெங்காயத்தை வாணலியில் போடுவதற்குள் உறையை ஒட்டிவிட்டாள்.

“அதுக்குள்ளயா? என்ன எழுதினீங்க?”

“பத்திரிகை கிடைச்சுது, நன்றி. நாங்க இங்க நல்லா இருக்கோம். அவ்வளவுதான்.”

“அங்க போனா அது வெறும் ‘வீ’தானே. அவங்களுக்கு எது எதுன்னு புரியுமா?”

“புரியாது” என்று சொல்லிவிட்டு, அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தபால்பெட்டிக்குப் போனாள்.